பேஸ் கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி… தெரியுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ் அத்தனையையும் அலுங்காமல் கடந்துவிடும். ஆனால் கோடை விழா மேடைக்காக அதே பஸ்ஸில் வரும் பேஸ் கிட்டாரின் கழுத்து அரை மில்லிமீட்டர் கூடுதலாக வளைந்தாலே முரண்டு பிடிக்கும். அந்த வளைவை அடக்கத்தான் கழுத்து மரத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் 'ட்ரஸ் ராடு'.

நாலே தந்தி… ஓர் ஆள் எடை!
வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகளையும் சுருதி கூட்டிவிட்டால் மொத்த இழுவிசை சுமார் 75 முதல் 80 கிலோ! இரவு பகலாக அந்த இழுப்பைத் தாங்குவது ஒல்லியான மரக்கழுத்தும் உள்ளே இருக்கும் கம்பியும்தான்.

கம்பிக்கு வயது நூறு!
அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ இதற்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1923. லியோ ஃபெண்டரின் புகழ்பெற்ற பிரிசிஷன் பேஸ் வந்ததோ 1951-ல்தான்! அதற்கு முந்தைய ஆண்டு ஃபெண்டர் செய்த முதல் கிட்டார்கள் சிலவற்றில் இந்தக் கம்பியே கிடையாது. மேப்பிள் மரமே போதும் என்று நினைத்தவர், சீக்கிரமே மனம் மாறினார்.

அம்பு மாதிரி நேராக இருந்தால் தப்பு!
அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக ஆடும். அதற்கு இடம் விட, கழுத்து இம்மியளவு குழிந்திருக்க வேண்டும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இருந்தால் சரி. துளியும் இல்லையென்றால் தந்தி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்!

மலை ஏறினால் வளையுமா?
ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். உயரம் கிட்டாரை ஒன்றும் செய்யாது, ஆட்டிவைப்பது ஈரப்பதம்தான்! காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் மரத்தில் ஏறக்குறைய 8 சதவீத நீர் இருக்கும். 80 சதவீதமானால் அது இரண்டு மடங்கு! ஆனால் ஒரே பஸ் பயணத்தில் மரம் இவ்வளவு குடித்துவிடாது. மழைக்காலத்தில் சேர்வராயன் மலை மூடுபனியில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் வேலையைக் காட்டும்.

கால் சுற்றில் இருக்கிறது வித்தை!
தந்தியைச் சற்றுத் தளர்த்தி, ட்ரஸ் ராடின் முனையிலுள்ள நட்டில் ஆலன் கீயைச் செருகி வலப்பக்கம் திருகினால் குழிவு குறையும். இடப்பக்கம் திருகினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். பிறகு சுருதி கூட்டி மறுபடி அளக்க வேண்டும். அளவு பொருந்தாத சாவியைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். நட் கடைசிவரை போயும் கம்பி இறுகவில்லையா? சில மாடல்களில் நட்டைக் கழற்றி ஒரு வாஷர் போட்டாலே பிழைத்துக்கொள்ளும். உள்ளே கம்பியே முறிந்திருந்தால் பெரிய ஆபரேஷன்தான்! சூடு காட்டிப் பசையை இளக்கி, ஃப்ரெட் பலகையைப் பெயர்த்தெடுத்துப் புதுக் கம்பி வைக்க வேண்டும்.

நம்ம வீணைக்கு?
தஞ்சாவூர் வீணைக்கு ட்ரஸ் ராடு கிடையாது! பலா மரத் தண்டியின் மேல் 24 மெட்டுகளும் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகி சுரம் பிசகினால், கைதேர்ந்தவர் காதால் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு மெட்டையும் திரும்பப் பதிப்பார். இதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். உலகெங்கும் கிட்டார்களின் ஃப்ரெட் பலகையாகப் போகும் ஈட்டி மரமும் நம் மலைக்காடுகளில் வளர்வதுதான். தமிழ்நாட்டில் அதைப் பாதுகாக்க 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்!

கடைசியாக ஒரு வார்த்தை: தந்தி உயரத்தைக் கூட்டக் குறைக்க பிரிட்ஜில் தனித் திருகுகள் இருக்கின்றன. அதற்காக ட்ரஸ் ராடில் கை வைக்காதீர்கள். சாவி முரண்டு பிடித்தால் மல்லுக்கட்டாமல் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்!