மெட்டல் டிடெக்டரும் ஒற்றைக் காது ஹெட்போனும்

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தரின் தங்கக் கம்மல் தொலைந்துவிட்டது. என் பழைய மெட்டல் டிடெக்டரோடு போனேன். மலைக்காற்றில் ஸ்பீக்கர் சத்தம் காதில் விழவில்லை. வீட்டிலிருந்த ஸ்டீரியோ ஹெட்போனை மாட்டினால், இடது காது மட்டும்தான் கேட்டது.

காரணம் எளிது. டிடெக்டரில் இருப்பது அந்தக்கால டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழி வந்த 6.35 மி.மீ. சாக்கெட், அதுவும் மோனோ. ஸ்டீரியோ பிளக்கின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு. மோனோ சாக்கெட்டில் அந்த வளையம் கிரவுண்டைத் தொட்டுவிடும். வலது காது ஊமை!

மோனோ பிளக், ஸ்டீரியோ சாக்கெட் வாங்கி ஒரு அடாப்டர் செய்தேன். சாக்கெட்டின் இடது, வலது முனைகளைச் சேர்த்து பிளக்கின் நுனியோடு பற்றவைத்தால் போதும். 32 ஓம் காதுகள் இரண்டும் இணையாகச் சேர்ந்து 16 ஓம் ஆகும். டிடெக்டர் அதைத் தாங்குமா என்று மேனுவலில் பாத்துக்கோங்க.

"புளூடூத் போட்டா முடிஞ்சதே" என்பீங்க. சாதாரண புளூடூத்தில் ஒலி 0.2 நொடி வரை பிந்தும். காயிலை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், 'பீப்' கேட்கும்போது கம்மலைத் தாண்டி 20 செ.மீ. போயிருப்போம். அங்கே தோண்டினால் தேயிலை வேர்தான் அறுபடும்.

வயரோடுதான் தேடினேன். மறுநாள் கம்மல் கிடைத்தது. திருகாணி இன்னும் கிடைக்கல.