புது வசதியா, உறுதியா? ஒரு டெஸ்க்டாப்பின் 16 ஆண்டுப் பாடம்

லினக்ஸ் கணினிகளில் பலர் பயன்படுத்தும் கேடிஇ டெஸ்க்டாப்பின் 4.0 பதிப்பு 2008 ஜனவரி 11 அன்று வெளியானது. அதற்கு முந்தைய 3.5 பதிப்பு, பிழை திருத்தித் திருத்திப் பக்குவப்பட்டிருந்தது. அதில் கைபழகியவர்கள் புதியதை நிறுவிப் பார்த்துத் திகைத்தார்கள். திரையின் அடியில் இருக்கும் பேனலின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ அமைப்புகளில் வழி இல்லை. அதை மேலே நகர்த்தவோ, தானாக மறையவைக்கவோ முடியவில்லை. டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த கோப்புகளின் ஐகான்கள் பழைய மாதிரி நடந்துகொள்ளவில்லை. நேற்றுவரை யோசிக்காமல் செய்த வேலைகளுக்கெல்லாம் இன்று வழி தேட வேண்டியிருந்தது.

புதிய வசதிகளைத் தருவதா, இருப்பதை உறுதியாக வைத்திருப்பதா என்ற கேள்வி எல்லா மென்பொருளுக்கும் உண்டு. டெஸ்க்டாப்பில் அது கூர்மையாகிறது. மற்ற எல்லா மென்பொருளும் அதற்குள்தான் திறக்கின்றன. அது தடுமாறினால் அன்றைய வேலை மொத்தமும் தடுமாறும்.

ஏன் பிரித்துப் போட்டார்கள்?

பொத்தான், மெனு, சாளரம் போன்றவற்றைக் கேடிஇ தானே உருவாக்குவதில்லை. க்யூட்டி என்ற நிரல் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் 2005இல் க்யூட்டி 4ஐ வெளியிட்டது. க்யூட்டி 3க்கு எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடாது. பழைய தொகுப்புக்குப் பராமரிப்பு என்றைக்காவது நிற்கத்தான் போகிறது என்பதால், மாறாமல் இருக்க வழி இல்லை. ஆனால் கேடிஇ குழு அந்த மாற்றத்தோடு நிற்கவில்லை. பேனலையும் டெஸ்க்டாப்பையும் பிளாஸ்மா என்ற பெயரில் புதிதாக எழுதியது. ஒலிக்கும் வன்பொருளுக்கும் புதிய அடுக்குகளைச் சேர்த்தது. குடியிருக்கும் வீட்டில் அஸ்திவாரம், சுவர், மின்கம்பி மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றிய கதையானது.

முழுதாக முடிந்தபின் வெளியிட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் முடிச்சு. அடித்தளம் இறுதியாகாமல் செயலி எழுதுபவர்கள் புதியதற்கு மாற மாட்டார்கள். ஆயிரம் வகைக் கணினிகளில் ஆயிரம் வகையாகப் பயன்படுத்தப்படாமல் பிழைகளும் வெளியே வராது. எனவே 4.0 ஒரு தொடக்கம்தான், முன்கூட்டியே முயன்று பார்க்க விரும்புவோருக்கானது என்பது குழுவின் கணக்கு. 4.0 என்பது 4 வரிசையின் முழு வடிவம் அல்ல என்று பிளாஸ்மாவை முன்னின்று உருவாக்கிய ஆரன் சீகோவும் விளக்கினார்.

ஆனால் எண்ணின் கடைசியில் புள்ளி பூஜ்யம் வந்தால் சரக்கு தயார் என்றே பயனர்கள் எடுத்துக்கொள்வார்கள். லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தரும் விநியோகங்களும் ஆளுக்கொரு வழியில் போயின. 2008 மே மாதம் வந்த ஃபெடோரா 9, கேடிஇ விரும்பிகளுக்கு 4.0ஐயே தந்தது. அடுத்த மாதம் வந்த ஓப்பன்சூசே 11.0, கேடிஇ 3.5, 4.0 இரண்டையும் வைத்து, தேர்வைப் பயனரிடம் விட்டது. பெரும்பாலான பயனர்களுக்கு இது ஏற்றது என்று கேடிஇ தரப்பே சொன்னது 2009 ஜனவரியில் வந்த 4.2 பதிப்பைத்தான். அதற்குள் லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஇயை விட்டு க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டார். மாற்றத்துக்கான காரணம் புரிகிறது, செய்த விதம்தான் சரியில்லை என்பது அவர் கருத்து. 3.5ஐக் கைவிட மனமில்லாதவர்கள் அதன் நிரலை எடுத்து டிரினிட்டி என்ற பெயரில் தனியாகப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அது இன்றும் ஓடுகிறது.

கேடிஇக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 பழைய அமைப்பைத் தூக்கிப் போட்டபோது, க்னோம் 2இன் தொடர்ச்சியாக மேட்டே டெஸ்க்டாப் பிறந்தது. லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் டெஸ்க்டாப்பை உருவாக்கியது. டோர்வால்ட்ஸ் இம்முறை எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பக்கம் போனார். 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, மறு ஆண்டே 8.1இல் திருப்பிக் கொண்டுவந்ததை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம்.

பழையது எல்லாம் உறுதியா?

பயனர் கேட்பவை இரண்டு: கணினி முடங்கக் கூடாது, பழகியது மாறக் கூடாது. பல சமயம் இவை ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கேடிஇயின் அடுத்த தலைமுறையான பிளாஸ்மா 5 வரிசையில் நெடுநாள் ஓடிய புகார் இது. கணினியை அணைத்துப் போட்டால் பேனல் பக்கத்து மானிட்டருக்குத் தாவியிருக்கும். ஒரு திரையின் பின்னணிப் படம் காணாமல் போயிருக்கும். எந்தத் திரை எது என்று நினைவில் வைக்கும் முறையே பலவீனமாக இருந்ததால், மேலோட்டமாக ஒட்டுப் போட்டுத் தீர்க்க முடியவில்லை. 2023 பிப்ரவரியில் வந்த 5.27இல் அந்தப் பகுதியையே பெரிய அளவில் மாற்றி எழுதினார்கள். கைவைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பிழைதான் நிலையாக இருந்திருக்கும்.

டெபியன் விநியோகத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதன் பதிப்பில் மென்பொருள்களின் எண் உறைந்துவிடும். பாதுகாப்பு ஓட்டைகளும் கடுமையான பிழைகளும் அடைபடும், மற்றபடி எதுவும் மாறாது. சர்வர் நடத்துபவருக்கு இது வரம். மென்பொருளை எழுதியவருக்கோ தலைவலி. தான் எப்போதோ திருத்திவிட்ட பிழைகளுக்குப் புகார் வந்துகொண்டே இருப்பதால் சலித்துப்போன ஜேமி ஜவின்ஸ்கி, உங்களுடையது மிகப் பழைய பதிப்பு என்று எச்சரிக்கும் நிரலைத் தன் திரைக்காப்பு மென்பொருளான எக்ஸ்ஸ்கிரீன்சேவரில் வைத்தார். 2016இல் அது டெபியன் பயனர்களின் திரையில் தோன்ற, பெரிய வாக்குவாதமானது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

கேடிஇ கற்றுக்கொண்டது

2022 ஜனவரியில் கேடிஇயின் நேட் கிரகாம் ஒரு முயற்சியைத் தொடங்கினார். புதிதாக நிறுவியவர் முதல் 15 நிமிடத்திலேயே மோதிக்கொள்ளும் பிழைகளைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றை முதலில் ஒழிப்பது என்பது திட்டம். வெளியீட்டு முறையிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. பிளாஸ்மா பதிப்பு ஒன்று வந்தால் முதல் திருத்தம் ஒரு வாரத்தில், அடுத்தது இன்னொரு வாரத்தில், பிறகு 2, 3, 5 வார இடைவெளிகளில் வரும். ஃபிபனாச்சி எண்வரிசையேதான். புதிய பதிப்பில் பிழைகள் தொடக்கத்தில்தான் குவியும் என்பதை ஒப்புக்கொண்ட அட்டவணை அது.

2024 பிப்ரவரி 28 அன்று பிளாஸ்மா 6 வந்தபோது பழைய கதை திரும்பவில்லை. இப்போதும் அடித்தளம் மாறியது. க்யூட்டி 5இலிருந்து 6க்குப் போனார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பெரும்பாலும் பழையபடியே விட்டார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற வழக்கத்தைத் தள்ளிவைத்து ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். சோதனைப் பதிப்புகளைச் சோதனைப் பதிப்பு என்று பெயர் சொல்லியே வெளியிட்டார்கள். திரையைக் கையாளும் வேலாண்ட் முறை இயல்பானதாக மாறினாலும், ஒத்துவராதவர்கள் உள்நுழையும்போதே பழைய எக்ஸ்11ஐத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். ஏப்ரலில் வந்த, உபுண்டுவின் கேடிஇ வடிவமான குபுண்டு 24.04, நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால், 5.27இலேயே நின்றது. டெபியன் 2025 ஆகஸ்டில் 13ஆம் பதிப்பில்தான் பிளாஸ்மா 6 வரிசைக்கு வந்தது, அதுவும் 6.3.

உங்களுக்கு எது?

பிழைப்பு கணினியை நம்பியிருந்தால் டெபியனோ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்போ போதும். பழைய பிழைகள் சிலவற்றோடு வாழப் பழக வேண்டும். புதிதாக வாங்கிய மடிக்கணினி என்றால் அதன் வன்பொருளுக்கே புதிய மென்பொருள் தேவைப்படலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா பொருந்தும். எதுவும் வந்த அன்றே வேண்டும் என்பவர்களுக்கு ஆர்ச் மாதிரித் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் விநியோகங்கள் இருக்கின்றன. எதில் இருந்தாலும், பெரிய பதிப்பு மாறும்போது முதல் சில திருத்தங்கள் வரும்வரை பொறுப்பது நல்லது.

புதியதை யாராவது ஓட்டிப் பார்த்தால்தான் அது உறுதியாகும். ஆர்ச் பயனர் இன்று புகார் செய்யும் பிழைதான் இரண்டு ஆண்டு கழித்து டெபியன்காரரின் கணினிக்கு வராமல் போகிறது. அந்த வேலைக்கு விரும்பி வருபவர்கள் எப்போதும் உண்டு. அவர்களிடம் கொடுக்க வேண்டியதை, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் கணினியில் சொல்லாமல் கொள்ளாமல் இறக்கினால்தான் வம்பு.