எர்த் எங்கே கொடுத்தீர்கள்?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு பால்கனி கிரில் பிய்த்துக்கொண்டது. ஒட்ட வந்த வெல்டர் தருமபுரிப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். மெஷினைக் கீழே மீட்டர் போர்டுக்கு அருகில் இறக்கிவிட்டு, ஹோல்டர் ஒயரை மட்டும் இரண்டாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்கக் கூடிய பிள்ளைகளை "நோட்பேடி, நோட்பேடி" என்று கன்னடத்தில் விரட்டினார். பார்க்காதீர்கள் என்று அர்த்தம். அதுவரை எல்லாம் சரி.

மெஷினிலிருந்து இன்னொரு ஒயரும் வர வேண்டுமே என்று தேடினேன். அது கீழேயே, மாடிப்படிக் கைப்பிடியில், கிளாம்ப்கூட இல்லாமல் வளைந்த கம்பி ஒன்றால் கொக்கி போட்டிருந்தது.

"தம்பி, எர்த்தை ஏன் இங்க குடுத்திருக்கீங்க?"

"இரும்புதான சார், எங்க குடுத்தா என்ன? மேல நல்லாத்தான எரியுது."

எரிந்தது உண்மை. கைப்பிடியைத் தரையோடு இறுக்கியிருந்த போல்ட் ஒன்று தொட முடியாதபடி சுட்டதும் உண்மை.

பட்டறைகளில் 'எர்த்' என்று சொல்லப்படும் இந்த ஒயருக்கும் மண்ணுக்குள் போகும் எர்த்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஹோல்டர் வழியாகப் புறப்படும் மின்சாரம் ராடு, பொறி, இரும்பு என்று கடந்து மெஷினுக்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் அந்தப் பாதைதான் இது. 'ரிட்டர்ன்' என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. பத்தாம் நம்பர் ராடு, அதாவது 3.15 மி.மீ. ராடு, ஏறக்குறைய 100 ஆம்பியர் குடிக்கும். மேலே கிரில், கீழே கைப்பிடி. இடையில் போட்ட பாதை எதுவும் இல்லை. அப்படியானால் அந்த 100 ஆம்பியர் எப்படித் திரும்பியது? கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி, தண்ணீர்க் குழாய், சுவருக்குள் ஓடும் வீட்டு எர்த் ஒயர் என்று கிடைத்த வழியெல்லாம் பங்கு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும்.

வழியில் எங்கே இணைப்பு தளர்வாக இருக்கிறதோ அங்கே சூடு பிறக்கும். 0.1 ஓம் தடை என்பது ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். அதன் வழியே 100 ஆம்பியர் போனால் அங்கே 1000 வாட் வெப்பம், ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு. போல்ட் சுட்டதற்குக் காரணம் இதுதான். அதே சூடு சுவருக்குள் 2.5 சதுர மி.மீ. எர்த் ஒயரில் பிறந்தால் யாருக்குத் தெரியும்? ஷார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பத்தான் அந்த ஒயர் இருக்கிறது. மணிக்கணக்கில் வெல்டிங் மின்சாரத்தைச் சுமப்பதற்கு இல்லை. வீட்டு எம்.சி.பி.யும் விழாது, ஏனென்றால் இந்த மின்சாரம் அதன் வழியாகவே போகவில்லை. எர்த் கருகி அறுந்த பிறகும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். என்றைக்கோ கீசரில் கசிவு ஏற்படும் நாளில்தான் எர்த் இல்லை என்பது தெரியவரும். அதற்குள் வெல்டரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

எங்கே ஒட்டுகிறோமோ அதே இரும்பில், பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, ஒட்டும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கிளாம்ப் கடிக்க வேண்டும். செலவு இல்லாத வேலை. சுருட்டி வைத்த ஒயரை இரண்டு மாடி இழுக்கும் சோம்பலைத் தவிர இதற்குத் தடை ஒன்றும் இல்லை.

ஷாக் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மின்கசிவு கண்டதும் கரன்ட்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. வீட்டில் போட்டிருந்தால் வெல்டரையும் அது காப்பாற்றும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுகிறது. 230 வோல்ட் பக்கத்தில் நடப்பதை மட்டுமே ஆர்.சி.சி.பி. பார்க்கும்; ஹோல்டர் பக்கத்தில் ஒருவர் துடித்தாலும் அதற்குத் தெரியாது. பொறி எரியாத நேரத்தில் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கையில் வெறும் சுருக்கென்று போகும். வியர்வையில் ஊறிய உடம்பின் தடை 1000 ஓம் வரை இறங்கலாம். 70 வோல்ட் பட்டால் 70 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி வைத்திருப்பது, அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால்தான். மழை ஈரத்தில் நின்று, வெறுங்கையால் ராடு மாற்றுவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பொறி அணைந்ததும் வோல்ட்டைத் தானாகக் குறைக்கும் வி.ஆர்.டி. வசதி சில இன்வெர்ட்டர் மெஷின்களில் இருக்கிறது. தெரு வேலைக்கு வரும் பழைய செட்டுகளில் நான் பார்த்ததில்லை. காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி வைத்த ஷூ, காலடியில் ஒரு மரப்பலகை, இவைதான் அங்கே காவல்.

மெஷினுக்குக் கரன்ட் எடுக்கும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்ததுதான்: பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் அடைப்பது. பச்சை ஒயர் காற்றில் தொங்கும். 7 கே.வி.ஏ. எடுக்கும் மெஷின் 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் கேட்கும். வீட்டின் பெரிய சாக்கெட்டே 16 ஆம்பியருக்குத்தான். தனி எம்.சி.பி., தகுந்த தடிமனில் ஒயர், மெஷின் உடம்புக்கு உண்மையான எர்த் மூன்றும் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

பொறிக்கு வருவோம். 2023 அக்டோபர் 30 அன்று பெங்களூரு வீரபத்ரநகரில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த தனியார் பேருந்துகள் பத்துக்கும் மேல் எரிந்து எலும்புக்கூடாயின. வெல்டிங் பொறி என்ற பேச்சும் எழுந்தது, ஒயர் கோளாறு என்ற பேச்சும் எழுந்தது. பஸ் பாடி கட்டும் இடத்தில் ரெக்சின், பஞ்சு, பிளைவுட், டீசல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எந்தக் காரணம் என்றாலும் விறகு தயாராக இருந்தது. 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு அரங்கத் தீயில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே வெல்டிங் பொறி கீழே விழுவது கண்காணிப்பு கேமராவிலேயே பதிவாகியிருந்தது.

எனக்கு மறக்காதது 1996 ஏப்ரல் 11, ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் விமான நிலையம். வெல்டிங் நடந்தது கட்டடத்துக்கு மேலே செல்லும் சாலையில். சாலை இணைப்பின் இடுக்கு வழியாக விழுந்த பொறி, கீழே கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் நுரைப் பலகையில் பற்றியது. 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். மேலே நின்ற வெல்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. பொறி விழுந்த கணத்தில் தீ எழுவதும் இல்லை. பஞ்சுக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் கனிந்துகொண்டே இருந்து, ஆட்கள் போன பிறகு எழும். அதனால்தான் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி, சுற்றி 11 மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. வேலை முடிந்த பின் ஒருவர் அரை மணி நேரம் காவல் நிற்க வேண்டும் என்று முன்பு சொன்னதை 2019-இல் ஒரு மணி நேரமாக உயர்த்தியது.

கண்ணும் தாமதமாகத்தான் கணக்குக் கேட்கும். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டால் வலி 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், மணல் கொட்டியதுபோல் வரும். உருளைக்கிழங்குத் துண்டும் தாய்ப்பாலும் நம் ஊர் வைத்தியம். கிழங்கு குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். கண்ணுக்குள் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் போவது நல்லது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் தொடர்ந்து போட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

புகை இன்னும் பொறுமைசாலி. இரும்பு உருகுவது 1538 டிகிரியில், ஜி.ஐ. பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகிறது. அதை இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பால் குடித்ததால் போனது என்று நம்பிக்கொள்வார்கள். போகாத சேதமும் உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகையை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. முகத்தில் கட்டிய கைக்குட்டை இந்தப் புகையை வடிகட்டாது. காற்று முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ அடிக்கும்படி நின்று, தலையைப் புகைக்கு வெளியே வைப்பது பாதி மருந்து.

பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீன்யாவின் பெரிய தொழிற்சாலைகளில் இதற்கெல்லாம் அதிகாரி இருப்பார், படிவம் இருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமோ மின்விசையோடு 10 பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. மூன்று பேர் பட்டறையும், ஆட்டோவில் மெஷின் ஏற்றி வீட்டுக்கு வரும் தம்பியும் அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்கள். அங்கே மேற்பார்வை என்று ஒன்று இருந்தால், அது வேலைக்குக் கூப்பிட்ட நாம்தான்.

அடுத்த முறை வெல்டர் வந்தால் எர்த் எங்கே கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பால்கனிக்குக் கீழே துணி காய்ந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு வாளி மணல் வையுங்கள். காசு கொடுத்து அனுப்பிய பிறகு ஒரு மணி நேரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.