எல்ஜின் ரோடு வீட்டில் பெரியப்பாவைத் தேடிய குடும்பம்

கொல்கத்தாவில் எல்ஜின் ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். சாலைக்கு லாலா லஜபதி ராய் சரணி என்று பெயர் மாற்றி வெகு காலம் ஆகிவிட்டது. ஆனாலும் டாக்சிக்காரரிடம் எல்ஜின் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும். அந்தச் சாலையில் 38/2 எண்ணுள்ள பெரிய மாடி வீடுதான் நேதாஜி பவன்.

கட்டாக் நகரில் வக்கீல் தொழில் செய்த ஜானகிநாத் போஸ் 1909-ல் கட்டிய வீடு இது. அவருக்குப் பதினான்கு பிள்ளைகள். ஒன்பதாவது பிள்ளை சுபாஷ் சந்திர போஸ். பிள்ளைகள் ஓடி விளையாடிய வீடு பிறகு போலீஸ் காவலில் இருந்த வீடாயிற்று. இப்போது அது பொதுமக்கள் பார்க்கும் மியூசியம். 1957-ல் தொடங்கிய நேதாஜி ஆராய்ச்சி நிலையம் இதை நடத்தி வருகிறது.

வங்காளிகளுக்கு இது கோயில் மாதிரி. தமிழர்களுக்கும் இந்த வீட்டில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கைத் தெரிந்துகொண்டு போனால்தான் அது கண்ணில் படும்.

காத்திருந்த கார்

வீட்டுக்குள் நுழைந்ததும் கூட்டம் நிற்கும் இடம் காரின் முன்னால்தான். கண்ணாடிக்குள் நிற்கிறது ‘வாண்டரர்’ என்ற ஜெர்மன் கார். நம்பர் பி.எல்.ஏ. 7169. 2017-ல் பழுது பார்த்துப் புது மெருகோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

1940 ஜூலையில் சுபாஷ் கைதானார். நவம்பர் இறுதியில் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். உடல் நிலை மோசமாகவே, டிசம்பர் 5-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டைச் சுற்றி போலீஸ் ஒற்றர்கள். உடம்பு தேறியதும் மறுபடி பிடித்துப் போடுவது என்பது சர்க்காரின் திட்டம்.

1941 ஜனவரி 16-ம் தேதி இரவு. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. நீண்ட கோட்டும் தொளதொள பைஜாமாவும் குல்லாவுமாக ஒருவர் பின்பக்க மாடிப்படி வழியாக இறங்கி வந்தார். பெயர் முகம்மது ஜியாவுதீன். தொழில் இன்ஷூரன்ஸ். அவர்தான் சுபாஷ்! காரை ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ். வயது இருபது, மருத்துவக் கல்லூரி மாணவர். அறையில் ஆள் இருப்பதாகத் தோன்ற வேண்டுமே! அதற்காக, கார் போன பிறகும் அறையில் விளக்கு எரியும்படி இன்னொரு அண்ணன் மகள் இலா பார்த்துக்கொண்டார்.

சுபாஷ் நடந்து போன வழியைத் தரையில் காலடிகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர் படுத்த கட்டில், இருந்த அறை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாடியில் படங்கள், கடிதங்கள், அவர் உபயோகித்த பொருள்கள்.

ஹௌராவில் ஏறாதது ஏன்?

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். ஹௌரா ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்க, ஏன் காரில் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஹௌராவில் அவர் முகம் தெரியாத போலீஸ்காரர் இல்லை. ஆகவே இரவோடு இரவாக தன்பாத் பக்கம் போய், பராரியில் இருந்த இன்னொரு அண்ணன் மகன் வீட்டில் பகல் முழுவதும் இன்ஷூரன்ஸ்காரராகவே தங்கினார். மறுநாள் இரவு கோமோ ஸ்டேஷன். அங்கே கால்கா மெயிலில் ஏறி டில்லி. டில்லியிலிருந்து பிராண்டியர் மெயிலில் பெஷாவர். பிறகு காபூல், மாஸ்கோ, பெர்லின். அவரைக் காணோம் என்ற செய்தி வெளியே தெரிந்தது ஜனவரி 26-ம் தேதிதான்.

கோமோ ஸ்டேஷனுக்கு 2009-ல் நேதாஜியின் பெயர் வைத்தார்கள். கால்கா மெயிலுக்கு 2021-ல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியது.

கரக்பூரிலிருந்து வந்தவர்கள்

கரக்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்க்கும் ஒரு தமிழர், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடும்பத்துடன் இந்த வீட்டுக்கு வந்தார். மனைவி, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், பத்து வயது மகன், 78 வயது தாயார். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம்.

பையன் காரை விட்டு அகலவில்லை. “இப்போ ஸ்டார்ட் ஆகுமாப்பா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். மகள் ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்து, தனக்கு வந்த தமிழில் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தியும் வங்காளியும் சரளமாக வரும் பெண். தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

மாடியில், பெண்கள் படையை நேதாஜி பார்வையிடும் படத்தின் முன்னால் பாட்டி நின்றுவிட்டார். வரிசையில் நிற்கும் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஏத்தா, இதுல ஆம்பிளைங்க படம் எங்க இருக்கு?” என்று பேத்தியைக் கேட்டார்.

“யாரைத் தேடறீங்க அப்பத்தா?”

“எங்க பெரியப்பாவை.”

பேத்திக்கு அதுவரை அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. மகனுக்கு அரைகுறையாகத் தெரியும்.

பால் மரக் காட்டில்

பாட்டியின் அப்பாவுக்கு அண்ணன் அவர். பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. மாதம் தவறாமல் இல்லாவிட்டாலும் கடுதாசியும் மணியார்டரும் வந்துகொண்டிருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கடுதாசி நின்றது. அதோடு சரி.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் ஒருவர், “உங்க அண்ணன் நேதாஜி படையிலே சேர்ந்துட்டார்” என்றாராம். இன்னொருவர், “இல்லை, சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்றாராம். எது நிஜம் என்று கடைசி வரை தெரியவில்லை.

“எங்க அப்பத்தா சாகற வரைக்கும் தபால்காரரைக் கண்டா திண்ணையை விட்டு எந்திரிச்சு நிப்பாங்க” என்றார் பாட்டி.

இரண்டு வழி

பெர்லினிலிருந்து சுபாஷ் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் 1943 பிப்ரவரியில் புறப்பட்டார். மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். ஜூலை 2-ம் தேதி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21-ம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார்.

படையில் முதலில் இருந்தவர்கள் ஜப்பானியரிடம் கைதியான இந்தியச் சிப்பாய்கள். நேதாஜி வந்த பிறகு பொதுமக்களும் சேர்ந்தார்கள். மலேயாவில் பொதுமக்கள் என்றால் பெரும்பாலும் தமிழர்கள்தான். கூட்டங்களில் நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார். உடனே தமிழில் மொழிபெயர்ப்பார்கள். கங்காணியின் அதட்டலும் துரையின் உத்தரவும் கேட்டே பழகிய தொழிலாளி, தன்னை மதித்துப் பேசிய ஒரு தலைவரை அங்கேதான் பார்த்தான்.

ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியான டாக்டர் லட்சுமி சென்னையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கோலாலம்பூர் ஜானகி தேவர், நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். தற்காலிக அரசில் பிரசார மந்திரியாக இருந்த எஸ்.ஏ. அய்யரும் தமிழரே. இவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. லயத்திலிருந்து புறப்பட்டுப் போன பெண்களும் ஆண்களும் அநேகம். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சேராதவர்களின் கதை அதைவிடக் கொடுமை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலையை உடைத்து, காட்டை வெட்டி, மழையிலும் காலராவிலும் போட்ட பாதை. 60,000-க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைவிட அதிகமாகச் செத்தவர்கள் ஆசியக் கூலிகள். மலேயாத் தமிழர்கள் அதில் பெரும் பகுதி. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் உண்டு. கூலிகளுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது.

சயாமுக்குப் போவதைவிட நேதாஜி படையில் சேர்வது மேல் என்று சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே ஊருக்கு வந்த இரண்டு சேதிகளில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே பயத்திலிருந்து பிறந்த சேதிகள்.

காகிதம் கேட்ட காலம்

1944-ல் இம்பால் போர். மழை, மலேரியா, பசி. படை பின்வாங்கியது. பிடிபட்டவர்களை வைத்திருந்த முகாம்களில் ஒன்று கொல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூர் பக்கத்தில் நீல்கஞ்சில் இருந்தது. வங்காளத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ.காரர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். பால் வெட்டப் போனவன் கையில் சான்றுக்கு எங்கே போவது? கரக்பூர்க் குடும்பம் மனுவே போடவில்லை. “ஆளே வரலை, காசு எதுக்கு?” என்று பாட்டியின் அப்பா சொல்லிவிட்டாராம்.

பாட்டி இப்போதும் பென்ஷன் கேட்கவில்லை. “சயாமுக்குப் போனவங்க படம் ஏதாச்சும் இருக்கா, கேட்டுப் பாருப்பா” என்றுதான் மகனிடம் கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை. இது நேதாஜியின் வீடு. இங்கே அவர் கதைதான் இருக்கும். அது நியாயம்தான். மற்றவர்கள் கதையை அவரவர் வீட்டார்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. திரும்பும்போது லோக்கலில் உட்கார இடம் கிடைத்ததும் நோட்டை எடுத்தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பல் ஏறிய துறைமுகம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். தோட்டத்தின் பெயர் மட்டும் பாட்டிக்கு முழுதாக நினைவில்லை. “சுங்கை… சுங்கை என்னமோ” என்றார். சுங்கை என்றால் மலாய் மொழியில் ஆறு. அந்த நாட்டில் சுங்கை என்று தொடங்கும் ஊருக்குக் கணக்கில்லை. இருந்தாலும் “சுங்கை” என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்தாள். ஊரில் பழைய தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. விடுமுறையில் போனால் அதைத் திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

போவது எப்படி?

கரக்பூர், மேச்சேதா பக்கமிருந்து வருகிறவர்கள் ஹௌராவில் இறங்கி மெட்ரோவிலேயே போகலாம். 2024-ல் திறந்த ஆற்றடிப் பாதையில் எஸ்பிளனேடு வரை போய், அங்கே தெற்கே போகும் வண்டிக்கு மாற வேண்டும். நான்காவது ஸ்டேஷனின் பெயரே நேதாஜி பவன். 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியதும் எஸ்பிளனேடிலிருந்து இந்த ஸ்டேஷன் வரைதான். அப்போது இதன் பெயர் பவானிப்பூர். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காளிகாட்டில் ஏறினால் சில நிமிடம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களிலும் நேரம் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

படிக்கட்டு இருக்கிறதே, வயசானவர்களால் முடியுமா என்று யோசித்து அவர்களை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள். அந்தப் படங்களைப் பார்த்ததும் அவர்கள் வாயிலிருந்து எந்தப் பெயர் வரும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.