வயிற்றுப் பிள்ளையும் சட்டமும்

2025 பிப்ரவரி 6 அன்று, கோவையிலிருந்து திருப்பதி செல்லும் இன்டர்சிட்டி ரயிலின் மகளிர் பெட்டியில் நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் ஒருவன் பாலியல் அத்துமீறலில் இறங்கினான். அவர் எதிர்த்துப் போராடவே, வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து வெளியே தள்ளினான். தாய் பிழைத்தார், கரு பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

கருவைக் கொன்றது கொலைதானே என்று கேட்கத் தோன்றும். நம் சட்டம் அதைக் கொலை என்று சொல்வதில்லை. தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மரணம் விளைவிப்பது மனிதக் கொலை ஆகாது என்று, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 100-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. உயிருள்ள குழந்தையின் உடலில் ஏதாவது ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால் போதும், அதன் பிறகு கொன்றால் கொலைக் குற்றமாகலாம். சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கக் காரணமான பெண் சிசுக்கொலைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

கொலை ஆகாது என்பதால் தாக்கியவன் தப்பிவிட முடியாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் வேண்டுமென்றே கருவைச் சிதைத்தால், 89-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனைவரை கிடைக்கும். தாய் இறந்திருந்தால் கொலைக்குச் சமமாகியிருக்கும் தாக்குதலில், அவர் பிழைத்து, வயிற்றில் அசையத் தொடங்கிய சிசு மட்டும் இறந்தால், 92-ஆம் பிரிவின்படி பத்தாண்டுவரை சிறை. இந்த 'அசைவு' என்ற நிபந்தனை 1860-ஆம் ஆண்டின் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. முதல் பிள்ளையின் துடிப்பைப் பல தாய்மார்கள் ஐந்தாம் மாதத்தில்தான் உணர்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் உதைபட்டுக் கரு கலைந்தவளின் துயரம் எந்த வகையில் குறைந்தது? இந்த நிபந்தனை போக வேண்டும் என்பதே என் கருத்து.

மருத்துவமனையில் செய்யும் கருக்கலைப்பு ஏன் குற்றமில்லை? 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு, இரண்டு மருத்துவர்கள் ஒப்பினால் 24 வாரம்வரை. அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவெடுக்கும். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால் வார வரம்பே இல்லை. திருமணமாகாதவர்களுக்கும் 24 வார வரம்பு உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, ரயிலிலிருந்து தள்ளியவனையும் மருத்துவரையும் முதலில் பிரிப்பது அந்தப் பெண்ணின் சம்மதம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணானாலும் சரி, தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவரானாலும் சரி, 18 வயது நிரம்பியிருந்தால் அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவரையோ மாமியாரையோ கூட்டிவரச் சொல்லிச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. இது தெரியாமல், மெடிக்கலில் ரகசியமாக மாத்திரை வாங்கி விழுங்கி, உதிரப்போக்கு நிற்காமல் ஆபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சம்மதம் இருந்தும் குற்றமாவது, ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுக் கலைப்பது. பாலினம் பார்ப்பதையே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது: கணவரோ உறவினரோ வற்புறுத்தியதால்தான் கர்ப்பிணி சோதனைக்கு வந்தாள் என்று நீதிமன்றம் முதலில் கருத வேண்டும், அப்படி இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால், விலக்குக்கு வெளியே நடக்கும் கருக்கலைப்புக்குத் தண்டனை தரும் நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு, தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாக்குகிறது. 2023-இல் புதுச் சட்டம் எழுதியபோதும் அந்த வரியை அப்படியே வைத்துவிட்டார்கள்.