காரின் உருவத்தை வரைவது யார்?

பழைய கார்களுக்கு இருந்த களை இன்றைய கார்களுக்கு இல்லை என்பது நம்மிடையே அடிக்கடி எழும் பேச்சு. அம்பாசடரின் உருண்ட மேற்கூரையையும் பத்மினியின் சிறிய வால்சிறகுகளையும் தொலைவிலிருந்தே இனம் காண முடிந்தது. இன்றோ சின்னத்தை மறைத்துவிட்டால் எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்வதே கடினம் என்பர் மூத்தோர். பழைய கார்களைப் படத்தில் ரசிக்கலாம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்ல இன்றைய கார்தான் வேண்டும் என்பர் இளையோர்.

இரு தரப்பினரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காரின் உருவம் வடிவமைப்பாளரின் ரசனையால் மட்டும் அமைவதில்லை. எரிபொருளின் விலை, பாதுகாப்புச் சட்டம், அரசின் வரிவிதிப்பு, கிடைக்கும் மூலப்பொருள் ஆகிய நான்கும் அவரது கையைப் பிடித்தே வரைய வைக்கின்றன. வீட்டுக்கு அடுத்தபடியாக நம்மில் பலர் கடன் பெற்று வாங்கும் பெரிய பொருள் கார். அதன் ஒவ்வொரு வளைவும் நம் பாதுகாப்பையும் பிற்காலச் செலவையும் பாதிப்பதால், அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

மாறாத முகங்களின் காலம்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் வரை அது தொடர்ந்தது. மும்பையில் பிரீமியர் நிறுவனம் இத்தாலியின் ஃபியட் 1100 காரைத் தயாரித்தது. 1970களில் அதற்குப் பிரீமியர் பத்மினி என்ற பெயர் அமைந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உருவம், ஜியோவான்னி மிகெலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனத்துக்காக வரைந்தது.

அந்தக் கார்களில் அழகும் பயனும் சேர்ந்தே இருந்தன. அம்பாசடரின் உயர்ந்த கூரையின் கீழ்த் தலைப்பாகை அணிந்தவரும் குனியாமல் அமரலாம். நீண்ட ஒற்றை இருக்கை குடும்பம் முழுவதற்கும் இடம் கொடுத்தது. குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில், முன்கதவின் ஓரத்தில் இருந்த முக்கோணக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினால் காற்று நேராக உள்ளே வரும். 15 அங்குலச் சக்கரமும் தடித்த டயரும் குண்டும் குழியுமான சாலைகளைத் தாங்கின.

ஆனால் அந்த முகங்கள் நம் நினைவில் ஆழப் பதிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உரிமம் பெற்றே உற்பத்தி செய்ய வேண்டிய அக்காலத்தில் வாங்குபவருக்குத் தெரிவு மிகக் குறைவு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. போட்டி இல்லாததால் உருவத்தை மாற்றும் தேவையும் நிறுவனங்களுக்கு எழவில்லை. அம்பாசடர் மார்க் 1 முதல் மார்க் 4 வரை சென்றபோதும் பெரும்பாலும் மாறியது முன்பக்கக் கிரில்தான். அரை நூற்றாண்டு ஒரே முகத்தைப் பார்த்ததில் பிறந்த பற்று அது. அந்தப் பற்று உண்மையானது. அதைக் கொண்டே வடிவமைப்பின் தரத்தை அளந்துவிட முடியாது.

எடையும் காற்றும்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அந்தக் காலத்தை முடித்துவைத்தது. அதன் எடை ஏறத்தாழ 650 கிலோ. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட அம்பாசடரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. தட்டையான கண்ணாடிகள், நேர்க்கோடுகள், அலங்காரம் இல்லாத முகப்பு. அழகுப் போட்டியில் அது வெல்லாது. ஆனால் குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு சென்றது. நடுத்தரக் குடும்பங்கள் அந்தக் கணக்கையே விரும்பின.

எரிபொருள் சிக்கனத்தில் எடைக்கு அடுத்த இடம் காற்றுக்கு. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் பொருட்படுத்த வேண்டாத இந்த எதிர்ப்பு, 100 கிலோமீட்டர் வேகத்தில் எரிபொருளின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே முன்கண்ணாடி சாய்ந்தது, மூலைகள் மழுங்கின, மழைநீர்க் காலும் தனித்து நின்ற விளக்குகளும் உடலுக்குள் அடங்கின. 2017 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நிறுவனமும் தன் கார்களின் சராசரி எரிபொருள் நுகர்வைக் குறிப்பிட்ட அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. ஒரே காற்றைக் கிழித்துச் செல்ல, ஒரே விதிக்கு உட்பட்டு, ஒரே வகைக் கணினியில் வரையப்படும் உருவங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை.

நசுங்கும் உடல், காக்கப்படும் உயிர்

பழைய கார் இரும்பு, புதிய கார் தகரம் என்ற கருத்து மிகப் பரவலானது. லேசாக இடித்தாலே இன்றைய காரின் முன்பகுதி நசுங்கிவிடுகிறது என்பதே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்த நசுங்கல் குறைபாடன்று, திட்டமிட்டே வைத்தது. மோதலின் விசையை முன்பகுதி மடிந்து உள்வாங்கிக்கொள்ள, மனிதர் அமரும் கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கருத்தை பேலா பாரென்யி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் உருவாக்கினார். உடல் நசுங்காத காரில் அந்த விசை முழுவதும் உள்ளே இருப்பவரையே சேரும்.

இதை 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் கண்கூடாகக் காட்டியது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டது. நீண்டு பருத்த பழைய காரின் ஓட்டுநர் கூடு குலைந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பது முடிவு. புதிய காரின் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் மட்டுமே ஏற்பட்டிருக்கும்.

புதியது என்பதாலேயே ஒரு கார் பாதுகாப்பானது என்றும் சொல்வதற்கில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்சிஏபி அமைப்பு இந்தியாவில் விற்பனையான 5 சிறிய கார்களைச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதன் பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமானது. 2023 அக்டோபரில் நமக்கென்றே பாரத் என்சிஏபி என்ற நட்சத்திர மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் உருவத்தில் தடம் பதித்தன. கார் கவிழ்ந்தாலும் கூரை அமிழாதிருக்கத் தூண்கள் தடித்தன. பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவுகள் பருத்தன, கண்ணாடிகள் சிறுத்தன. நடந்து செல்பவர் மீது மோதினால் அவரது தலை கடினமான எஞ்சின் மீது படாதிருக்க, எஞ்சினுக்கும் பானெட்டுக்கும் இடையே வெற்றிடம் தேவைப்பட்டது, பானெட் உயர்ந்தது. பளபளக்கும் இரும்புப் பம்பரும் பானெட்டின் நுனியில் நின்ற உலோகச் சின்னமும் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

4 மீட்டர்க் கோடு

உலகின் பிற நாடுகளில் அதிகம் காணாத ஓர் உருவம் நம் சாலைகளில் உண்டு. முன்பக்கம் முழுமையாகவும், டிக்கி மட்டும் வெட்டி ஒட்டியதுபோலவும் தோன்றும் குட்டிச் செடான் அது. இதை வரைந்தது மத்திய நிதிநிலை அறிக்கை என்றால் மிகையாகாது. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 4,000 மில்லிமீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1,200 சிசி, டீசல் எனில் 1,500 சிசிக்கு மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ் இந்த அளவுக்குள் வந்தது. 2012இல் மாருதி ஸ்விஃப்ட் டிசையரும் டிக்கியைக் குறுக்கிக்கொண்டது.

சிறு கார் என்பதற்கான அந்த எல்லை இன்றும் நீடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லைக்குள் அடங்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம். 4 மீட்டரைச் சில மில்லிமீட்டர் தாண்டினாலும் வரி இருமடங்குக்கு மேலாகும்போது, எந்த வடிவமைப்பாளரும் டிக்கியின் அழகுக்காக அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்குவார். நீளத்தில் கிடைக்காத இடத்தை அவர் உயரத்தில் தேடுகிறார். சிறு எஸ்யூவி கார்கள் நிமிர்ந்து நிற்பதன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு.

நாம் இழந்தவை

இவ்வளவு நன்மை இருந்தும் மூத்தோரின் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் இழப்பு பார்வை. மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் கொண்ட பத்மினியிலிருந்து நான்கு திசையும் தெளிவாகத் தெரிந்தது. இன்றைய தடித்த முன்தூண், திருப்பத்தில் வரும் இருசக்கர வாகனத்தை மறைத்துவிடக்கூடும். மேலும், கம்பீரத்துக்காக உயர்த்தப்படும் எஸ்யூவி முகப்பு பாதுகாப்பின் நோக்கத்துக்கே எதிராகிறது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு மிகாத சாய்வான முகப்புடைய வாகனங்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று மேற்சொன்ன அமெரிக்கக் கழகத்தின் 2023 ஆய்வு கண்டறிந்தது. முகப்பின் கீழே நிற்கும் குழந்தையும் ஓட்டுநர் கண்ணில் படாது.

இரண்டாவது இழப்பு பழுதுபார்க்கும் எளிமை. வட்ட முகப்பு விளக்கு உடைந்தால் சிற்றூர்க் கடையிலும் மாற்று கிடைத்தது. ஒடுங்கிய இரும்பைத் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். இன்று எல்இடி விளக்கு ஒரே தொகுதியாக வருவதால் பெரும்பாலும் முழுமையாகவே மாற்ற வேண்டும். பம்பருக்குள் உணரிகள், முன்கண்ணாடிக்குப் பின்னே கேமரா. கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் மீண்டும் சீரமைக்க வேண்டும்.

மூன்றாவது இழப்பு விரல் அறியும் விசைகள். குளிர்சாதனத்தைக் கூட்டவும் தொடுதிரையைப் பார்க்க வேண்டியிருப்பது சாலையிலிருந்து கண்ணை விலக்குகிறது. இதை உணர்ந்த யூரோ என்சிஏபி அமைப்பு, திசைகாட்டி, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி விசைகள் இருப்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் சேர்த்துள்ளது.

புதிய உடலில் பழைய முகம்

பழைய அழகை நாடும் மனத்தை நிறுவனங்களும் அறிந்துள்ளன. மகிந்திரா தாரின் வட்ட விளக்குகளும் நிமிர்ந்த முகப்பும், அந்நிறுவனம் 1947 முதல் பூட்டிய வில்லிஸ் ஜீப்பை நினைவூட்டுகின்றன. 1991இல் வந்து, பின்பக்கக் கண்ணாடி கூரைவரை வளைந்த டாடா சியரா, 2025இல் அதே பெயரோடும் அதே சாயலோடும் திரும்பியது. உள்ளே இருப்பது இன்றைய பாதுகாப்புக் கட்டமைப்பு. வெளியே இருப்பது நேற்றைய நினைவு. இத்தகைய சேர்க்கை நேர்மையாக அமையும்போது இரு தலைமுறையும் நிறைவடைகின்றன.

அசல் பழைய காரையே காக்க விரும்புவோருக்கும் வழி உண்டு. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மாற்றங்கள் செய்யப்படாத வாகனங்களைத் தனி வகையாகப் பதிவு செய்ய 2021இல் விதி வகுக்கப்பட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. வாங்காமலே ரசிக்க விரும்புவோர் ஹரியானாவின் தாவ்ருவில் உள்ள பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கும், கோவையின் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கும் சென்றுவரலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காட்சியகத்தின் வெளிச்சத்தில் எல்லாக் காரும் அழகாகவே தெரியும். கடன் தவணையோ 5 அல்லது 7 ஆண்டுகள் நீளும். ஆகவே முன்பணம் கட்டுமுன் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, முன்தூண்களும் பின்கண்ணாடியும் எவ்வளவு மறைக்கின்றன என்று பாருங்கள். கேமராவை மட்டும் நம்ப வேண்டாம்.

நட்சத்திர மதிப்பீட்டைக் கேளுங்கள். அது நீங்கள் வாங்கும் மாதிரிக்கும் வகைக்கும் உரியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முகப்பு விளக்கு, பம்பர், முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி ஆகியவற்றின் மாற்று விலையைச் சேவை மையத்தில் எழுதி வாங்குங்கள். அகன்ற அலாய் சக்கரம் உள்ள வகையானால் டயரின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

வழக்கமான முழுமைக் காப்பீட்டில் இழப்பீடு தரும்போது, பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். இன்றைய கார்களின் வெளிப்புறத்தில் பிளாஸ்டிக்கே மிகுதி. தேய்மானக் கழிவற்ற கூடுதல் காப்பீட்டின் கட்டணத்தை இத்தொகையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அழகைப் பார்த்து வாங்குவதில் தவறில்லை; நாள்தோறும் கண்ணில் படும் பொருள் மனத்துக்குப் பிடித்திருக்க வேண்டும். அந்த அழகுக்கு நாம் தரும் விலை எவ்வளவு, அது நம்மையும் சாலையில் நடப்போரையும் எவ்வளவு காக்கும் என்பதையும் அறிந்து வாங்கினால், தவணை முடியும் நாளிலும் அந்தக் கார் நமக்குப் பிடித்ததாகவே இருக்கும்.