கடல் கடக்கும் தட்டான்

மழைக்காலத்தில் வயல்வெளிக்கு மேலே கூட்டங்கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் நிறத் தட்டானை நம்மில் காணாதவர் இலர். சிறுவர் பிடித்து நூல் கட்டி விளையாடும் இவ்வெளிய உயிரின் வரலாறு வியப்புக்குரியது. விலங்கியலார் இதனைப் ‘பண்டாலா பிளேவசென்ஸ்’ என்பர்.

உடல் சுமார் 2 அங்குல நீளம், பொன்னிறம். சிறகுகள் நான்கும் கண்ணாடி போன்றவை. பாவும் ஊடையும் பின்னினாற்போல் நரம்புகள் அவற்றில் ஓடுகின்றன. பின்சிறகின் அடிப்பாகம் அகன்றிருத்தலால், சிறகை அதிகம் அடிக்காமலே காற்றில் மிதந்து செல்ல வல்லது.

பெண் தட்டான் மழைநீர்க் குட்டைகளிலும் நெல்வயல் நீரிலும் வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிடும். வெளிவரும் குஞ்சுக்குச் சிறகில்லை. அது நீருக்குள்ளேயே வாழ்ந்து, மடங்கியிருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுக்களைப் பற்றித் தின்னும். பலமுறை தோலுரித்து, கூட்டுப்புழுப் பருவம் இன்றியே, ஏறத்தாழ 6 முதல் 9 வாரங்களில் வளர்ந்துவிடும். குட்டை வற்றுமுன் வளர்ந்தாக வேண்டுமல்லவா? பின்னர்ப் பயிர்த்தண்டில் ஏறி, கடைசித் தோலை உரித்துச் சிறகு விரிக்கும்.

மாலத்தீவில் நிலத்தின்மேல் தேங்கும் நன்னீர் மிக அரிது. ஆயினும் ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே இத்தட்டான்கள் வந்திறங்குகின்றன. இவை இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றின் துணையால் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா செல்கின்றன என்றும், பின்வரும் தலைமுறைகள் தென்மேற்குக் காற்றோடு திரும்புகின்றன என்றும் உயிரியலறிஞர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எடுத்துரைத்தார். போகவர 14,000 கிலோமீட்டருக்கு மேலாகும் இவ்வழியை ஒரு தட்டான் முடிப்பதில்லை. பாட்டன் தொடங்கியதைப் பேரன் தொடர்கிறான்.

சிறகு முளைத்த பின்னும் கொசுவும், பயிரைக் கெடுக்கும் தத்துப்பூச்சியும் சிறு அந்துகளும் இதற்கு உணவு. கூலி கேளாத இக்காவலாளிக்கு நாம் செய்வது என்ன? அளவறியாது தெளிக்கும் பூச்சிமருந்து, பகையோடு நட்பையும் கொல்லுகிறது. சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடும் சாயநீரோ, குஞ்சு வளரும் தொட்டிலையே நஞ்சாக்குகிறது. கடலைக் கடக்கும் ஆற்றல் படைத்த உயிர், நம் குட்டையைக் கடக்க இயலாமல் மடிதல் தகுமா? மருந்தை வேண்டியபோது வேண்டிய அளவே தெளிப்போம்; சாயநீரைத் தூய்மை செய்தே வெளிவிடுவோம். உழவருக்கும் நெசவாளருக்கும் நீர் ஒன்றே; அதைக் காக்கும் கடமையும் ஒன்றே.